மார்கழி முழுக்க மூடிக் கிடந்த தகரம்

அன்று எங்கள் வளவுக்குள் நின்றவர்கள் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர், மகள், கூரை போட வந்த ஓடாவி, அவருடைய கையாள், மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் தாய். வேலிக்கு அங்கால நின்று பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை. இப்படி ஆளாளாக எண்ணிச் சொல்லக் காரணம் உண்டு. அந்த ஆறு பேரில் யாருக்கு எது முதலே தெரியும், யாருக்குத் தெரியாது என்று பிறகு எத்தனையோ நாள் இடியப்ப மா குழைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் அது. மாசியில் கலியாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வீடு முடியாவிட்டால் கலியாணமும் முடியாது. பழைய வீட்டை இடித்து, அதே அத்திவாரத்தில் சுவர் எழுப்பி, கைமரமும் சலாகையும் அடித்தாயிற்று. மிச்சம் கூரைதான். அந்தத் தகரம் கார்த்திகை மாதத்திலிருந்து சுவரோரம் அடுக்கிக் கிடந்தது. அதன் மேல் இரட்டைப் படங்கு போர்த்து, சுற்றிவரக் கயிறு போட்டு, ஒரு மழைத்துளி உள்ளே போகாதபடி கட்டியவள் நான்.

அந்தத் தகரத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒன்றைப் படித்து அறியத் தெரியாதபடியால் கேட்டுக் கேட்டு அறிவதுதான் பழக்கம். கேட்டது போதாது என்று மனம் அரிக்கும், இன்னொருவரிடம் கேட்பேன். இடியப்பம் அவித்து, கல்லடியில் கடற்கரைப் பக்கத்திலிருந்து வாவிக்கரை வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கலியாணம் பேசி முடிந்த நாளிலிருந்து என் கண் தெருவில் இல்லை, கூரைகளில்தான். எந்த வீட்டில் என்ன போட்டிருக்கிறார்கள், எத்தனை வருசம், எங்கே துரு, எங்கே ஒழுக்கு. கேட்டதையெல்லாம் மகளுடைய பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்தேன். ஒரு வீட்டில் என்னை அரசாங்கக் கந்தோர் ஆள் என்று நினைத்து, தங்கள் பெயரையும் நிவாரணத்துக்கு எழுதச் சொன்னார்கள். இல்லை, இடியப்பக்காரி என்று சொன்ன பிறகும், பரவாயில்லை எழுதுங்கள் என்றார்கள்.

ஓடு போடத்தான் ஆசை. ஓட்டின் பாரத்துக்கு மரம் வாங்க எங்களால் ஏலாது. அஸ்பெஸ்டஸ் சீட் பழைய வீட்டில் இருந்தது. தென்னை மட்டை விழுந்தாலே வெடிக்கும், அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்றும் சொன்னார்கள். ஆகத் தகரம்தான். தகரம் என்றால் என்ன தகரம்? கடற்கரைத் தெருவில் சும்மா தகரம் போட்டவர்களின் கூரை அப்பளம் போல் பொரிந்து கிடந்தது. ஒன்றைக் கவனித்தேன். மழை நேரே விழுந்து கழுவுகிற இடம் நன்றாக இருக்கும். மழை படாத தாழ்வாரத்து அடிப்பக்கம்தான் முதலில் அரித்துப் போகும். உப்புக் காற்று ஒதுங்கிக் குந்திக்கொள்வது அங்கேதான். ஆணித் தலை அடுத்தது. தகரம் நல்லதாயிருந்தும் மலிவான ஆணி அடித்தவர்களின் கூரையில் ஆணியைச் சுற்றி ஒவ்வொரு சிவப்புக் கண்.

வெக்கை வேறு கவலை. கடுங்கலர் தகரத்தின் கீழ் பங்குனி சித்திரை மத்தியானத்தில் மனிதர் இருக்க ஏலாது. அதனால் வெள்ளிநிறத் தகரம் நல்லதென்று கொப்பியில் கோடிட்டேன். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து பூசினது, தடிப்பானது, இறப்பர் வைத்த திருகாணி, முகட்டுக்குக் கீழே சூடு வெளியேற இரண்டு பக்கமும் ஓட்டை. இவ்வளவும் எழுதிவிட்டு, ஒரு வீட்டுக்காரி சொன்னதையும் எழுதியிருந்தேன்: விடியப்புறம் தகரத்தின் உள்பக்கம் வேர்த்துப் பாயில் சொட்டும். அந்த வரிக்குக் கீழும் கோடு கிடக்கிறது. என் கையெழுத்துத்தான்.

காத்தான்குடியில் ஒரு கடையில் வாங்கினோம். முதலாளி பொறுமையான மனிதர், அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவோம். நான் மூன்று முறை போய்க் கேட்டதையே திரும்பக் கேட்டேன். மூன்றாம் முறை, தங்கச்சி, நீங்கள் தகரம் வாங்க வந்தீர்களா, கடையை வாங்க வந்தீர்களா என்று கேட்டுச் சிரித்தார்.

கார்த்திகையில் வாங்கினது என் பயத்தால். காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை விற்ற வருசத்தை நான் மறக்கவில்லை. தை வந்து விலை ஏறினால் எங்கே போவது? சீட்டுக் காசு கைக்கு வந்த கிழமையே வாங்குவோம் என்று வீட்டுக்காரரை நெருக்கினேன். வாங்கின கையோடு கூரையை ஏற்றியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. ஓடாவி வரமுந்தி மார்கழி பிறந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் வெல்லாவெளிப் பக்கம், வயல்காரக் குடும்பம். மார்கழியில் கூரை ஏற்றின வீட்டுக்கு மகனை அனுப்பமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். நானும் ஓமென்றேன். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கே பயமாய்த்தான் இருந்திருக்கும்.

தகரம் வந்து இறங்கிய காலை நான் இடியப்பத்தோடு தெருவில் இருந்தேன். வீட்டுக்காரர்தான் லொறிக்காரரோடு நின்று இறக்கினார். நான் வந்து பார்த்தபோது ஒரு தலைப்பு உயர, மற்றத் தலைப்பு பணிய, வெறுமனே அடுக்கியிருந்தது. கடற்காற்று இருக்கிறது, மாரி மழை இருக்கிறது, இதையா இப்படித் திறந்து போடுவார்கள் என்று சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஹயருக்குப் போய்விட்டார். நான் படங்கு வாங்கி வந்து மூடினேன்.

மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு தலைப்பில் கயிறு அவிழ்ந்து, படங்கு தூக்கிக் கிடக்கிறது. கள்ளன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். காற்றாயிருக்கும் என்றார். இறுக்கிக் கட்டினேன். நாலு நாளில் திரும்பவும் அதே தலைப்பு. கல் ஏற்றினேன். கல்லும் விலகிக் கிடந்தது. கடைசியில் கோணி ஊசி எடுத்து, தூண்டில்காரரின் தங்கூசி நரம்பு கோத்து, படங்கின் இரண்டு தலைப்பையும் சாக்கு வாய் தைப்பதுபோல் தைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் அவிழ்க்கவில்லை. பார்த்தாயா, கள்ளன் களைத்துப் போனான் என்று மகளிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் தலையைக் குனிந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மார்கழி மழை விடவேயில்லை. வாவி ரோட்டுக்கு வந்தது. பழைய வீட்டை இடித்த பிறகு குடியிருந்த மூலைக் கொட்டிலில் நாங்கள் மூன்று பேரும் நனைந்தோம். தகரம் நனையவில்லை என்று மட்டும் எனக்கு ஒரு நிம்மதி.

பொங்கலுக்குப் பிறகு அந்த நாலாம் நாள் வந்தது. மாப்பிள்ளையின் தாய் கூரை ஏறுவதைப் பார்க்கவென்று முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் புது அரிசியும் கொண்டு வந்தார். நான் அவரை மச்சாள் என்றுதான் கூப்பிடுவது. தகரம் என்றதில் அவருக்கு முதலிலிருந்தே விருப்பமில்லை. தங்கள் பக்கத்தில் நெல்லுக் கொட்டிலுக்குத்தான் தகரம் போடுவதென்று நிச்சயம் பேச வந்த அன்றே சொன்னவர். ஓட்டை விட நல்லது, வெள்ளி மாதிரி மின்னும், வந்து பாருங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஓடாவி தையலைக் கண்டதும் நின்றுவிட்டார். கையாளைப் பார்த்தார். கையாள் கத்தியை எடுத்துத் தங்கூசியை அறுத்தான். படங்கைத் தூக்கினதும் உள்ளேயிருந்து ஒரு புழுக்கம் எழும்பி வந்தது, ஈரச்சாக்கு மணத்தோடு. முதல் தகரம் பரவாயில்லை. அதைத் தூக்க, இரண்டாவதின் மேல் தண்ணீர் ஓடியது. தண்ணீருக்குக் கீழே வெள்ளை வெள்ளையாய், மா தூவி விட்டதுபோல் பூத்துக் கிடந்தது. நடுவில் கருந்திட்டுக்கள். மூன்றாவதும் அப்படித்தான். நாலாவதும். ஒவ்வொரு தகரம் புரளும்போதும் அடுத்தது நல்லதாய் இருக்கும் என்று நினைத்தேன்.

ஓடாவி விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் வெள்ளையானது.

"அக்கா, இடியப்பம் அவிக்கிற மாதிரித் தகரத்தையும் அவிச்சு வச்சிரிக்கீங்க," என்றார்.

கையாள் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மழை வெளியே இருந்து வரவில்லை, உள்ளே இருந்த ஈரம் போக வழியில்லாமல் வேர்த்து வேர்த்து இரண்டு தகரத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறது, பூச்சு வெளிறிவிட்டது, இது வெள்ளைத் துரு என்று ஓடாவி விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு விடியலும் சட்டி மூடியைத் தூக்கி, அதன் உள்பக்கத்து வேர்வையை வழித்து ஊற்றுகிறவள் நான்.

மச்சாள் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இது எங்கயோ கழட்டின பழைய தகரம்தானே?"

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாய் இருக்கவில்லை. பில் இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சீட்டுக் காசு, காதுத்தோடு, இரண்டு வருச இடியப்பம், எல்லாவற்றையும் போட்டு வாங்கின தகரம். அதைப் பழசு என்று நினைத்து அவர் பஸ் ஏறிப் போனால், மகளின் கலியாணம் அந்த பஸ்ஸிலேயே போய்விடும்.

வீட்டுக்காரர் அதுவரைக்கும் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆச்சரியப்பட்ட மனிதரின் முகம் அதுவல்ல. அதை அப்போதுதான் கண்டேன்.

"மச்சாள், தகரம் புதுசுதான்," என்றார். "பிழை என்ட. மூடக்கூடா, காத்துப் போக விடணும், நனைஞ்சாப் பிரிச்சுக் காய வைக்கணும் எண்டு லொறியில ஏத்தக்குள்ள கட முதலாளி என்னட்டச் சொன்னவர். நான் இவட்டச் சொல்லல்ல."

"ஏன் சொல்லல்ல?" அது மச்சாள் கேட்டது. நான் கேட்கவில்லை.

"சொன்னா இவ படுக்கமாட்டா. மழ தூறினா எழும்பித் தகரத்தப் பிரிப்பா. வெயிலடிச்சா அடுக்குவா. மாதம் முழுக்க இதுதான் நடக்கும். அதான், நானே பார்த்துக்கொள்ளுவம் எண்டு கயித்த அவிழ்த்து அவிழ்த்து விட்டன்."

மகள் அப்போது வாய் திறந்தாள்.

"ரெண்டு தரம் நான் அவிழ்த்தது, அம்மா. அப்பா ஹயருக்குப் போன நாள்."

நான் கள்ளனுக்குப் பயந்து ஊசி கோத்தது இவர்கள் இரண்டு பேருக்கும் எதிராகத்தான். தைத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். தைத்து முடித்த அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேனாம். கலியாணம் பேசின நாளிலிருந்து அப்படி நித்திரை கொண்டதைப் பார்க்கவில்லையாம். எழுப்ப மனம் வரவில்லை, பிறகு நாளும் போய்விட்டது என்றார். கோபப்படக் கூட எனக்குச் சத்து இருக்கவில்லை. அங்கே கிடந்த கல்லில் குந்திவிட்டேன்.

மச்சாளும் பக்கத்தில் வந்து குந்தினார். ஓடாவியும் கையாளும் நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் பிரித்து வைத்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

"என்ட மகன் போன வருசம் வயல் வட்டைக்குள்ள உழவு மெசினால விழுந்து, காலில ஒம்பது தையல்," என்றார். "தையல் வெட்டின பிறகுதான் எனக்குச் சொன்னவங்க. மூணு கிழமை கூட்டாளி வீட்ட நிண்டு வேல செய்யிறான் எண்டாங்க. நானும் மா இடிச்சுப் பலகாரம் சுட்டுக் குடுத்து விட்டன்."

அந்தக் காயத்தைப் பற்றி எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மகளைப் பார்த்தேன். அதுவும் அவளுக்கு முதலே தெரியும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மாப்பிள்ளையும் அவளும் தொலைபேசியில் கதைக்கிறவர்கள்.

மச்சாள் எழும்பிச் சேலையைத் தட்டினார். தகரம் புதுசுதான் என்று அவர் நம்பிவிட்டார். ஆனால் ஒன்றை அவர் விடவில்லை.

"ஆனா மச்சாள், இந்தப் பூத்தத என்ட மகனுக்கு மேல போடாதீங்க. எனக்கு நித்திரை வராது."

அதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. நித்திரை வராது என்பதன் பொருள் அந்த வளவில் நின்ற மற்ற யாரையும் விட எனக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு தகரத்தில் ஒன்பதுதான் தேறியது. மற்றதையும் துடைத்துப் போடலாம், நாளைக்கே ஒழுகாது, ஆனால் பூச்சுப் போன இடம் இந்தக் கடற்காற்றுக்கு எத்தனை வருசம் நிற்கும் என்று தான் சொல்லமாட்டேன் என்றார் ஓடாவி. வேறு ஊரென்றால் பரவாயில்லை, இங்கே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி.

அன்று பின்னேரமே பூத்த தகரம் ஒன்றை ஓட்டோவின் மேல் கட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனோம். மாற்றித் தருவார் என்று எனக்கு ஒரு நப்பாசை. முதலாளி அதை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தம்பி, நான் உங்கள்ட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னனே."

சொன்னீர்கள் நானா, நான்தான் சொல்லவில்லை என்றார் இவர். ஒரே நாளில் இரண்டாம் முறை. முதலாளி என்னைப் பார்த்தார். மூன்று முறை வந்து இவ்வளவு கேட்ட தங்கச்சி இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்றார். அதுதான் என்னையும் இன்றுவரை அரிக்கிற விசயம். கூரைக்கு மேலே போன பிறகு தகரத்துக்கு என்னென்ன வரும் என்று ஊரெல்லாம் கேட்டேன். வாங்கின தகரத்தை நிலத்தில் எப்படி வைப்பதென்று ஒருவரிடமும் கேட்கவில்லை. மூடி வைத்தால் பத்திரம் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மாற்றித் தர ஏலாது என்றார். அதில் நியாயம் இருந்தது. புதுசு இருபத்துமூன்று கொண்டுபோங்கள், கையில் இருக்கிறதைத் தாருங்கள், மிச்சத்தைக் கிழமைக்குக் கிழமை கட்டுங்கள், பெண்பிள்ளையின் வீட்டுக் காரியம் என்றார். கையில் இருந்தது கலியாணச் சமையலுக்கு வைத்திருந்த நாற்பதாயிரம். அதைக் கொடுத்தோம். இந்த முறை தகரத்தை வளவில் அடுக்கவில்லை. லொறியிலிருந்து நேரே கூரைக்கு ஏற்றினோம். மச்சாள் சொன்னபடி கலியாணம் நடந்தது. சமையல் காசு தகரத்துக்குப் போனதால் சோற்றுக்கு மரக்கறிதான்.

பூத்த இருபத்துமூன்றையும் வீண்போக்கவில்லை. மூலைக் கொட்டிலைக் கொஞ்சம் பெருப்பித்து, ஓலைக் கிடுகைக் கழற்றிவிட்டு அதற்குப் போட்டோம். மிச்சத்தில் சுவரும் அடைத்தோம். அதுதான் இப்போது எங்கள் வீடு. மகளின் கூரை வெயிலுக்கு மின்னுகிறது. எங்களுடையது மின்னாது. மத்தியானம் இடியப்ப வேலை முடிந்து சரியும்போது நேரே மேலே அந்தத் திட்டுக்கள் தெரியும். ஒவ்வொரு நாளும் பார்ப்பதால் எது எந்த அளவில் இருந்தது என்று எனக்கு மனப்பாடம். ஒன்று, கடற்பக்கத்து ஆணிக்குக் கிட்ட, பெருக்கிறது. வீட்டுக்காரர் இல்லை என்கிறார். கரிக்கட்டியால் சுற்றிவரக் கோடு கீறி வைத்திருக்கிறேன். கோட்டைத் தாண்டினால் தெரியும்.

கலியாணம் முடிந்த கிழமை இவரிடம் ஒன்று கேட்டேன். இனிமேல் எதையும் ஒளிக்கக்கூடாது, நல்லதோ கெட்டதோ அப்படியே சொல்லவேண்டும். ஓமென்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார், அதுதான் இப்போது எனக்குப் பாரமாய் இருக்கிறது. ஓட்டோவின் பின் டயர் தேய்ந்தது, பாலத்தில் பொலிஸ் மறித்தது, மருமகனின் கால் குளிருக்கு இன்னும் நோகிறது, தனக்கு நெஞ்சுக்குள் ஒரு கொளுக்கி போல் இருந்து பிறகு சுகமானது. எல்லாம் வந்து சொல்கிறார். முன்பு ஒன்றும் தெரியாமல் பயந்தேன். இப்போது எல்லாம் தெரிந்து பயப்படுகிறேன். நானே கேட்டு வாங்கினது, நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் காத்தான்குடிக்குப் போய்த் தவணையைக் கட்டிவிட்டு வருவார். முன்பென்றால் கடன் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், அது கிடக்கட்டும் தேத்தண்ணி வை என்பார். போன சனிக்கிழமை நான் கேட்கவேயில்லை. அடுப்படியில் குந்தி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றமுந்தி வாசலில் நின்றே சொன்னார்.

"இஞ்ச, ஒளிக்கல்ல. இன்னும் அறுபத்தோராயிரத்து இருநூறு ரூபா இரிக்கி."